பூட்டு விழும் சத்தம்

பழைய துவக்குத்தான் திறம், புதியது சரிவராது என்று சொல்பவர்களோடு நான் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. பழையதில் இருக்கிற பிழை நமக்குப் பழகிவிடுகிறது, புதியதில் இருப்பது இன்னும் பழகவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஐயா.

என் பெயர் சோமசேகரம். வயது அறுபத்தொன்று. வெள்ளைக்காரக் கடற்படை இந்தத் துறைமுகத்தில் இருந்த காலத்தில் அவர்களுடைய ஆயுதக் கிடங்கில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன். ஐம்பத்தேழில் அவர்கள் போன பிறகு வீட்டிலேயே ஒரு பட்டறை போட்டு, கமக்காரர்கள் வயலில் பன்றி சுடுகிற துவக்குகளையும் கழகத்தின் துவக்குகளையும் திருத்தி வந்தேன். என் வேலையில் குறை சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

கழகம் என்றது சுடும் கழகத்தை. வெள்ளைக்காரர் போகும்போது களிமண் தட்டு எறிகிற இயந்திரம் ஒன்றைக் கடலோரப் பாறை மேட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற தட்டளவில், கறுப்பாக ஒன்று. இயந்திரம் அதைக் கடலுக்கு மேலே வீசும். விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இருபத்தைந்து தட்டு. முன்பு அந்த மேட்டுக்கு நாங்கள் துவக்குச் சுமக்கத்தான் போவோம். அவர்கள் போன பிறகு துறைமுக உத்தியோகத்தரும் ஊர்க்காரரும் சேர்ந்து கழகத்தை நடத்தினார்கள். நானும் அங்கத்தவனானேன். என் அதிகபட்சம் பதினெட்டு. இரண்டு வருஷத்தில் அதைத் தாண்டவில்லை. துவக்கின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவனுக்கு அது போதாது என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பாயிஸ் ஐம்பத்தொன்பது தை மாதம் வந்து சேர்ந்தான். கிண்ணியாக்காரன். துறைமுக மரக்கிடங்கில் மரம் அளக்கிற வேலை. முதல் நாள் என்னுடைய துவக்கைத்தான் இரவல் வாங்கிச் சுட்டான். இருபத்துமூன்று உடைத்தான். திருப்பித் தரும்போது, "அண்ணன், இது இடப்பக்கம் ஒரு நூல் இழுக்குது, என்ன?" என்றான். உண்மைதான். அது எனக்குத் தெரிய ஆறு மாதம் பிடித்திருந்தது.

அவன் நல்லவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெருமை பேசமாட்டான். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். பெருநாளைக்கு அவன் மனைவி ஜெஸீமா எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்து அனுப்புவாள். என் மனைவி புஸ்பராணிக்கும் அவனைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நான் மேட்டிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவேன். அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாயிஸ் இண்டைக்கு எத்தினை?" என்று கேட்பாள். என்னுடைய கணக்கை அவள் கேட்பதில்லை. அது எப்போதும் ஒரே கணக்குத்தானே.

அந்த வருஷம் வைகாசியில் கழகத்துக்கு மூன்று புதுத் துவக்குகள் வந்தன. இரட்டைக் குழல். தட்டுச் சுடுவதற்கென்றே செய்தவை என்று கொழும்பு முகவர் எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் மரத்தைத் தடவிப் பார்த்தேன். மேலே மினுக்கம் போட்டிருந்தார்களே தவிர, உள்ளே மரம் காயவில்லை. இரண்டாம் கிழமையே ஒன்றின் பிடி வெடித்தது. இன்னொன்றில் தோட்டாவைக் குத்துகிற ஊசி இரண்டு தரம் முறிந்தது. முகவருக்கு எழுதினோம். உங்கள் ஊரில் உப்புக்காற்று அதிகம், எண்ணெய் பூசுங்கள் என்று பதில் வந்தது. மூன்றாவதில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. கழகச் செயலாளர் பாக்கியரத்தினம் அதைப் பாயிசுக்குக் கொடுத்தார். நல்ல துவக்கு நல்ல சூட்டுக்காரனிடம் இருக்கட்டும் என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் சொன்னேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு பாயிஸ் அந்தத் துவக்கோடு என் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணன், முதல் பத்துப் பதினைஞ்சு தோட்டாவுக்கு மூடக்குள்ள 'டொக்' எண்டு விழுது. சூடேறினாப் பிறகு 'டக்' எண்டுது. உள்ளுக்க என்னமோ முழுசாப் போகல்ல."

"வெய்யிலுக்கு இரும்பு விரியும்," என்றேன். "அதுதான்."

"இரிக்கலாம். ஆனாலும் ஒருக்காப் பாருங்க."

இந்த இடத்தை விளக்கமாகச் சொல்கிறேன். இரட்டைக் குழல் துவக்கை நடுவில் மடித்துத்தான் தோட்டா போடுவது. நிமிர்த்தி மூடும்போது கீழே ஓர் இரும்புத் துண்டு முன்னே போய்க் குழலின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பூட்டு என்பது அதைத்தான். அது முழுதாக விழாவிட்டால், சுடும்போது துவக்குத் திறந்துகொள்ளும். முன்னால் போக வேண்டியதெல்லாம் பின்னால், சுடுகிறவனின் முகத்துக்கு வரும்.

நான் அந்தத் துவக்கை நாற்பது தரம் திறந்து மூடினேன். காதைக் கிட்ட வைத்துக் கேட்டேன். குழலைச் சூடாக்கியும் கேட்டேன். எனக்கு ஒரே சத்தம்தான் கேட்டது. கடைசியில் பூட்டின் மேலே விளக்குப் புகையைப் பிடித்து மூடித் திறந்து பார்த்தேன். பூட்டு முழுதாக விழுந்திருந்தால் கரி எல்லாம் அழிந்திருக்கும். மூன்றில் ஒரு பங்குதான் அழிந்திருந்தது. அவன் சொன்னது சரி. பூட்டுக்குப் போட்ட இரும்பைக் காய்ச்சி வைரமாக்காமல் அப்படியே பொருத்தியிருக்கிறார்கள். அரம் பட்டால் வெண்ணெய் போல வழிந்தது. அது தேய்ந்து தேய்ந்து வந்திருக்கிறது. கண்ணால் பார்த்த பிறகும் என் காதுக்கு அது கேட்கவில்லை, ஐயா. கிடங்கிலும் பட்டறையிலுமாகப் பதினான்கு வருஷம் அந்தக் காதைத்தான் வைத்துக்கொண்டு பிழைத்தேன்.

நான் புதுப் பூட்டு ஒன்று செய்தேன். கடற்படை விட்டுப்போன உருக்குத் தண்டிலிருந்து வெட்டியெடுத்து, இரண்டு நாள் அராவி, எலும்புக் கரியோடு மண்பெட்டியில் வைத்துக் காய்ச்சி, வைக்கோல் நிறம் வரும்வரை பதம் பார்த்து எடுத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மேட்டுக்குக் கொண்டுபோய் ஐம்பது தோட்டா சுட்டேன். குழல் கொதித்தது. கரி பூசிப் பார்த்தேன். முழுவதும் துடைத்தது போல அழிந்திருந்தது. அந்தக் கம்பனிக்காரனால் முடியாததை என் கை செய்திருந்தது. வீட்டுக்கு வந்து புஸ்பராணியிடம் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப பாயிஸ் சொன்னது சரிதான். அவருக்கு நல்ல சந்தோசமா இருக்கும்."

அடுத்த நாள் காலை பாக்கியரத்தினம் வந்தார். ஞாயிறு கொழும்பு அணியோடு போட்டி. துவக்கு ஆயத்தமா என்று கேட்க வந்தவர், கதிரையில் இருந்து தேநீர் குடித்தார்.

"என்ன சோமசேகரம், பாயிஸ் சொன்ன குறை இருந்ததோ? இருந்தா முகவருக்கு ஒரு கடிதம் போடுவம். உங்கட கம்பனி காணாததை எங்கட பாயிஸ் காதாலை கண்டுபிடிச்சவன் எண்டு எழுதுவம். வெக்கப்படட்டும்."

நான் சொன்னேன், "அப்பிடி ஒரு குறையும் இல்லை. நான் முழுக்கக் கழட்டிப் பாத்தனான். அது அவருக்கு மனசிலை."

"அப்ப எழுத்திலை ஒண்டு தாருங்கோ. நாளைக்குக் கதை வரக்கூடாது."

எழுதிக் கொடுத்தேன். குறை எதுவும் இல்லை, பாவிக்கலாம் என்று ஒரு வரி. கையெழுத்து என்னுடையதுதான்.

அவர் போன பிறகு யோசித்தேன். புதுப் பூட்டு உள்ளே இருந்தால் பாயிஸ் முதல் தரம் மூடும்போதே கண்டுபிடித்துவிடுவான். அண்ணன் திருத்திப்போட்டார் என்று எல்லோருக்கும் சொல்வான். அவன் நல்ல மனதோடுதான் சொல்வான். ஆனால் குறை இருந்தது என்று ஆகிவிடும். கண்டது அவன், அதை மறைத்து எழுதிக் கொடுத்தது நான் என்றும் ஆகும். ஆகவே குறை இல்லை என்ற என் எழுத்து நிற்க வேண்டுமானால் துவக்கு வந்தபடியே இருக்க வேண்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். புதுப் பூட்டைக் கழற்றினேன். பழையதைத் திருப்பிப் போட்டேன். கால் மணி நேர வேலை.

ஞாயிறு காலை மேட்டில் நல்ல சனம். கடல் தட்டையாகக் கிடந்தது. பாயிஸ் தன் முறைக்குச் சுட வந்து, பத்தொன்பது தட்டுக்குப் பத்தொன்பதும் உடைத்தான். கொழும்புக்காரரே எழும்பி நின்று பார்த்தார்கள். இருபதாவதுக்குத் தோட்டா போட்டு மூடியவன், உடனே துவக்கைத் தோளுக்கு எடுக்கவில்லை. திரும்பி என்னைத் தேடினான்.

"அண்ணன், அதே சத்தம் மாதிரிக் கேக்குது."

"நான் பாத்தனான், பாயிஸ். ஒண்டுமில்லை."

அவன் ஒரு கணம் துவக்கைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்ப சரி. என்ட காதுலதான் பிழை."

தட்டு எழும்பியது. அவன் சுட்டான். தட்டும் உடைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

தோட்டாவின் பித்தளை அடி வலக் கண்ணுக்குள் போயிருந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையில் இடக் கண்ணும் மங்கி அணைந்தது. ஒரு கண் போனால் சிலருக்கு மற்றதும் சேர்ந்து போகுமாம். விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். துவக்கைத் திறந்து காட்டி, இரும்பு மெது, இது செய்தவனின் பிழை, வெளியே பார்த்துத் தெரியாது என்று விளக்கினேன். எல்லாம் உண்மை. முகவர் வருத்தக் கடிதம் எழுதினார். மற்ற இரண்டு துவக்குகளையும் திருப்பி எடுத்தார்கள். அவற்றின் பூட்டும் அதே மெது இரும்புதான். ஒருவரும் என்னைக் குறைசொல்லவில்லை. என் பூட்டு என்னவாயிற்று என்று புஸ்பராணி மட்டும் ஒருதரம் கேட்டாள், வேறோர் இடம் விட்டுப்போனது என்று சொல்லிவைத்தேன்.

நான் பாயிசைக் கைவிடவில்லை. பதினைந்து வருஷம், ஞாயிறு தவறாமல் தோணித்துறை கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். ஜெஸீமா தேநீர் வைத்துவிட்டு, "கூடப் பிறந்தவனும் இப்பிடி வரமாட்டான், அண்ணன்" என்பாள். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருஷமும் எங்கள் சிநேகிதத்தின் நல்ல காலம். அவனைப் பார்க்கும்போது என் நெஞ்சில் ஒரு பாரமும் இருக்கவில்லை.

ஒருநாள் அவனாகவே சொன்னான். "அண்ணன், நீங்க மனசைப் போட்டு வருத்தாதீங்க. அண்டைக்கி உங்கட சொல்லைக் கேட்டதுல எனக்கொரு கவலையும் இல்ல. உங்களையும் அந்தக் கம்பனிக்காரன் ஏமாத்திப்போட்டான்."

நான் ஓம் என்றேன்.

பிறகு மீன்பிடிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அறுபத்திரண்டு, அறுபத்துமூன்றில் இயந்திரப் படகுகள் பெருகின காலம். எவனோ ஒருவன் இவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். இவன் இயந்திரத்தைக் கேட்டுவிட்டு, இன்ன இடத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றானாம். கழற்றிப் பார்த்தால் அப்படியே. அதற்குப் பிறகு இறக்கக்கண்டியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அவன் படகின் விளிம்பில் குந்தியிருந்து தலையைச் சாய்த்துக் கேட்பான். பக்கத்தில் நானும் இருப்பேன். நானும் கேட்பேன். எனக்கு இரைச்சல் மட்டும்தான். அவன் விரலை உயர்த்தி, "இந்தா, இதுதான்" என்பான். சுற்றி நின்ற எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். கண்ணை எடுத்தும் அது அவனிடமே இருந்தது, ஐயா. அப்போதுதான் முதன்முதலாக எனக்கு நித்திரை குறைந்தது.

போன மாதம் காய்ச்சலில் அவன் காலமானான். அதில் என் கை ஒன்றும் இல்லை. வைத்தியரைக் கூட்டிப்போனவனே நான்தான். ஜனாஸாவுக்குப் போயிருந்தேன். வேலியோரம் நின்றவர்கள் கதைத்ததைக் கேட்டேன். சீமையிலே படித்தவன் காணாத குறையைக் காதாலே கண்டவன் என்றார்கள். பாக்கியரத்தினமும் வந்திருந்தார், நன்றாகத் தளர்ந்துபோனார். அவர் என் தோளைத் தொட்டு, "அண்டைக்கு உமக்கும் அது பிடிபடேல்லையே, சோமசேகரம். ஆரைக் குறைசொல்லுறது, எல்லாருக்கும் அந்தக் காது வராது" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து பட்டறையைத் திறந்து, அன்று கழற்றிவைத்த இந்த உருக்குப் பூட்டைத் தேடி எடுத்து, பொலிஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்தேன். கையில் எடுத்துப் பாருங்கள். பதினைந்து வருஷத்தில் ஒரு புள்ளி துரு இல்லை. இதை உள்ளே விட்டிருந்தால் அந்தத் துவக்கு இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். அவனும் கடைசிவரை பார்வையோடு இருந்திருப்பான். இதைக் கழற்றினவன் நான். தெரிந்துதான் கழற்றினேன். அவன் சுடும்போதெல்லாம் நான் அவனுடைய இடத் தோளோடு நிற்பவன். அன்று காலை இருபது அடி தள்ளி இயந்திரத்தடியில் நின்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல.

வாசித்துக் காட்டினதற்கு நன்றி. எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்து வைக்கிறேன். ஓர் இடம் மாத்திரம் பிழை. பூட்டைத் திருத்த முயன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள், ஐயா. நான் முயலவில்லை. திருத்தினேன்.