கிரகணத்தன்று வாசலை மறித்தவர்

சித்தூரிலிருந்து பெருமாட்டி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“எம் மருமக பொய் எழுதறவளா இருந்தா எனக்குத் தொந்தரவே இல்லீங்கக்கா.”

“ஏனுங்க, என்ன எழுதறா?”

“பேப்பர்ல சயின்ஸ் எழுதறா. கிரகணத்தப்ப மாசமா இருக்கறவ வெளிய வந்தா ஒண்ணும் ஆகாதுன்னு, ஒவ்வொரு கிரகணத்துக்கும் டாக்டருங்களக் கேட்டு எழுதுவா. இந்தத் தடவ அவளே மாசமா இருக்கறா.”

“அய்யோ. அப்புறங்க?”

“வெளிய கெளம்பிட்டா. நான் வாசப்படிய மறிச்சு உக்காந்துட்டேன். ‘இன்னைக்கு நான் உள்ள இருந்தா, இனி நான் எழுதறத ஆரு நம்புவாங்க அத்தை?’ன்னா. ஊருக்கு என்ன வேணா எழுதிக்க சாமி, இது எம் பேரக்கொழந்தைன்னு அழுதுபோட்டேன்.”

“கேட்டாளுங்களா?”

“திரும்பி உள்ள போயிட்டா. எனக்கு நிம்மதியாப் போச்சு. மறுநாள் பேப்பரப் பாத்தா, ‘மாமியார் அழுததால் வீட்டுக்குள் இருந்தேன். வெளியே வந்திருந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது’ன்னு எழுதியிருக்கறா!”

“அட, மானத்த வாங்கிட்டாளே!”

“ஆமாங்க. ஊட்டுக்கே வந்து கேக்கறாங்க, அந்த மாமியார் நீங்கதானான்னு.”

அவர் கைப்பையைத் திறந்தார். நாலாக மடித்திருந்த பேப்பரை எடுத்து மடியில் வைத்து நீவிவிட்டார்.

“படிச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை பொய்யில்லீங்க.”