நூற்றுக்கு நூறு எடுத்த வகுப்பு

கொடிகாமத்தில் பஸ் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவர் உட்கார்ந்ததும் சொன்னதைக் கேட்டு, காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“என்ரை வகுப்பிலை எல்லாரும் நூற்றுக்கு நூறு அக்கா. பயமாக் கிடக்கு.”

“நூறு எடுத்தாப் பயப்பிடுற ரீச்சரை இண்டைக்குத்தான் காணுறன்.”

“ரப்லெட்டிலை வாற வாசிப்புப் பயிற்சியிலை மட்டும்தான் நூறு. நேற்று ஒரு மட்டையாலை படத்தை மறைச்சுப்போட்டு, கீழை இருக்கிற சொல்லை வாசிக்கச் சொன்னன். ஒருத்தருக்கும் தெரியேல்லை. இவ்வளவு நாளும் படத்தைப் பார்த்துத்தான் விடையை அமத்தியிருக்குதுகள்.”

“பள்ளிக்கூட அதிபருக்குச் சொன்னனியே?”

“ஓம். ‘வாயை மூடிக்கொண்டு இரும்’ எண்டார். நாளைக்கு, இந்த ரப்லெட்டுகளைத் தந்த கனடாவிலை இருக்கிற பழைய மாணவர்கள் வீடியோவிலை வருகினம். நான் நல்லது எண்டு சொன்னால் எல்லா வகுப்புக்கும் இதையே வாங்கித் தருவினமாம்.”

“நல்லதெண்டு சொல்லிப்போட்டு இரன். உனக்கென்ன?”

“பிறகு எல்லாப் பிள்ளையளும் வாசிக்கத் தெரியாமலே மேல் வகுப்புக்கு வந்திடுங்கள் அக்கா.”

“அதிபரோடை கொழுவினாயெண்டால், உன்னைத் தீவுப் பக்கப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துவிச்சுப்போடுவார்.”

பஸ் சாவகச்சேரியைத் தாண்டியது. பிறகு இளையவர் மெதுவாகச் சொன்னார்.

“நான் ஒண்டும் சொல்லமாட்டன். வீடியோவுக்கு முன்னாலை படத்தை மறைச்சு, ஒரு பிள்ளையை வாசிக்க விடப்போறன்.”

“ஐயோ, ஆரின்ரை பிள்ளையை? தாய் தேப்பன் உன்னைச் சும்மா விடுவினமே?”

“என்ரை மகளைத்தான். அவளும் அந்த வகுப்புத்தானே.”

மூத்தவர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

“அவளுக்கு இன்னும் சொல்லேல்லை அக்கா.”