சிறுநீர்ப்பையின் கூரையில் இருந்தது

அவையை அன்போடு ஆளும் தலைவர் கணேசலிங்கம் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தைத் திறந்துதந்த பங்குத்தந்தை அவர்களே, மழையில் நனைந்தும் லண்டனின் இந்தச் சட்டன் பகுதிவரை வந்திருக்கும் பெரியோர்களே, முகம் பார்த்தே நோவறியும் தாய்மார்களே, பின்வரிசையில் கைபேசியை மடியில் மறைத்திருக்கும் இளையோரே, உங்கள் அனைவருக்கும் கிறிஸ்துராஜா என்ற என்னுடைய பணிவான வணக்கம்!

ஜெர்மனியிலிருந்து வந்து ஹவுன்ஸ்லோவில் டயர்க் கடை நடத்துபவன் நான். மேடை எனக்குப் புதிது. ஆனால் என் உடம்புக்குள் நானே கண்டதைச் சொல்லாமல் வாய்மூடி இருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு என் சிறுநீர் சிவந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை, சிவப்பு மட்டும். சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி என்றார்கள். மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் கிங்ஸ்பரியில் குடியிருந்த ஸ்ரீஸ்கந்தராஜா. அவருக்கும் அதே கட்டி, அதே நாள், அதே சத்திரசிகிச்சை அறை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். ரேடியோ பாடியது, யாரோ சிரித்தார்கள், கட்டியை வெட்டி எடுத்து "எல்லாம் துப்புரவு" என்றார்கள். நாங்கள் இருவரும் கைகுலுக்கி வீடு போனோம்.

துப்புரவா? வெட்டிய துண்டில் பைச்சுவரின் அடித்தசையே இல்லையாம். தசை இல்லாவிட்டால், வேர் எவ்வளவு ஆழம் என்று எந்த ஆய்வுகூடம் சொல்லும்? இருவருக்கும் கட்டி திரும்பி வந்தது. எனக்குப் பையோடு நின்றது. அவருக்கு எலும்புவரை போனது. பனிக்காலத்தில் அவரைத் தகனம் செய்தோம்.

இந்த வசந்தத்தில் வேறொரு மருத்துவமனை. சத்திரசிகிச்சை நிபுணர் பத்ரிநாராயணன், சென்னைக்காரர். கத்தி தொடுவதற்கு முன்னே அந்த அறையில் எல்லோரும் கைவேலையை நிறுத்தி நின்றார்கள், அன்பர்களே! டொலறஸ் என்ற பிலிப்பைன்ஸ் தாதி, சுவரில் இருந்த தாளைப் பார்த்து என் பெயரைக் கேட்டா. சொன்னேன். அந்த நிசப்தத்தில் என் பெயரே யாரோ செத்தவனின் பெயர்போல ஒலித்தது.

இந்த முறையும் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது; உள்ளே விட்ட கமராவின் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. நீர் நிறைந்த ஒரு குகை. மங்கிய மஞ்சள் ஒளி. சுவரெல்லாம் சிவந்த நரம்புகள். அவற்றில் பாசிபோலக் கட்டிகள் அசைந்தன, ஆடின, அழைத்தன. அது என் சிறுநீர்ப்பை! மருத்துவர் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். "முடிஞ்சுது" என்று நிமிர்ந்தார்.

உடனே டொலறஸ் தாளை வாசிக்கத் தொடங்கினா. எத்தனை கட்டி? எவ்வளவு பெரிது? அடித்தசையிலிருந்து தனித்துண்டு எடுத்தாயிற்றா? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "முன்சுவரும் கூரையும் முழுமையாகப் பார்த்தாயிற்றா?"

மருத்துவர் திரும்பவும் திரையைப் பார்த்தார்.

மருத்துவர் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: "பார்த்தேன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சுங்க. ஆனா சரியாப் பார்க்கல. இன்னொரு தடவை உள்ளே போறேன்."

நீரைக் கொஞ்சம் வடித்தார். உள்ளங்கையால் என் அடிவயிற்றை அழுத்தினார். அந்தக் கை என்னுள் புதைவதைக் கண்ணால் கண்டேன், உடம்பால் உணரவில்லை. திரையில் குகையின் கூரை மெல்ல, மெல்ல இறங்கியது. அங்கே ஒரு காற்றுக்குமிழி. குமிழி நகர்ந்தது. அதன் பின்னால் இருந்தது அது. வெளிறி, தட்டையாய், அசையாமல். மற்றவை எல்லாம் ஆடினவே, இது ஏன் ஆடவில்லை? நான் உண்டபோதும் உறங்கியபோதும், என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியபோதும், அங்கிருந்தபடி காத்துக்கொண்டிருந்ததோ?

யாரது, "நோகேல்லையோ அண்ணை?" என்று கேட்டது? நோகேல்லை, தம்பி. அதுதான் பயம்!

அதையும் எடுத்தார்கள், அதன் அடித்தசையோடு. தசைக்குள் நோய் இறங்கவில்லை என்று முடிவு வந்தது. என் பை எனக்கு மிஞ்சியது.

ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி ஜெயகௌரியிடம் போய் இதைச் சொன்னேன். முன்வரிசையில் இருக்கிறா, அவவின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

"டொக்டர் திரும்பிப் பாத்தவரோ, அண்ணை?"

"ஓம், தங்கச்சி. நேர்ஸ் கேட்டவ. அங்கை எல்லாருக்கும் கேக்கிறவையாம்."

"எங்கட ஆளுக்கும் மேலை ஒண்டு இருந்திருக்குமோ?"

"தெரியாது, தங்கச்சி."

"அந்தத் தெரியாதோடதான் என்னாலை இருக்க ஏலாமல் கிடக்கு."

தாய்மார்களே, அந்தச் சொல் என் நித்திரையைத் தின்றது! கைதேர்ந்த மருத்துவருக்கும் கண் தவறும். தவறாத கண் யாருக்கு உண்டு? ஆகவே கேள்வி வேண்டும்! ஒவ்வொரு நோயாளிக்கும் வேண்டும்! வாய்திறந்து, எல்லோர் காதிலும் விழ, ஒவ்வொரு முறையும் வேண்டும்! கேட்டால் மருத்துவர் கோபிப்பாரா? பத்ரிநாராயணன் கோபிக்கவில்லை; டொலறஸுக்கு நன்றி சொன்னார்.

வரும் செவ்வாய்க்கிழமை ஜெயகௌரி அந்த முதல் மருத்துவமனைக்குப் போகிறா. உங்கள் அறையிலும் இந்தக் கேள்விகளை வாசிப்பீர்களா என்று நேருக்குநேர் கேட்கப்போகிறா. அழுதழுது ஓய்ந்த குரலோடு அவ தனியாகப் போவதா? நான் போகிறேன். இன்னும் யார் வருகிறீர்கள்?

ஓ... கைகள் எழுகின்றன! கடைசிவரிசைத் தம்பி, நீங்களுமா? தாயே, ஊன்றுகோலோடு எழும்பாதேங்கோ, கண்டுவிட்டேன்!

இந்தக் கைகளுக்கு என் நன்றி. பேசப் பொழுது தந்த தலைவருக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த வணக்கம்.