ஓடாத மெஷினுக்கு ஒன்றை அழுத்தவும்

சென்ற வருடம் நான் செய்த அலமாரி ஒன்று என் பட்டறைக் கதவு வழியாகவே வெளியே போகவில்லை. வாங்குகிறவரின் அறையை அளந்தேன், மாடிப்படியை அளந்தேன், படி திரும்புகிற மூலையைக்கூட இரண்டு தடவை அளந்தேன். என் கதவை மட்டும் அளக்கவில்லை. நாலு பேர் அலமாரியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கதவு நிலையைப் பெயர்த்துத்தான் வெளியே எடுத்தோம். அன்று முழுக்க என் மனைவி என்னை 'இன்ஜினியர்' என்றே கூப்பிட்டாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அலமாரிக்காரர் ஏன் தாமதம் என்று கேட்டதும், தப்பு என்னோடது என்று சொல்லிவிட்டேன். இரண்டே வார்த்தை. சொல்லும்போது மூச்சுகூட வாங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டுப் போனார். ஆகவே தப்பை ஒத்துக்கொள்வது அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

படிவத்தில் 'யார் மீது புகார்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே ஐயா, அதைக் கொஞ்ச நேரம் காலியாக விடுங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். பதினோரு மாதத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. காவல் நிலையத்தைப் பற்றி வெளியே ஆயிரம் சொல்வார்கள். சேவை என்றால் இதுதான் சேவை.

மெஷின் என்றால் மரம் அறுக்கிற மெஷின், பதினோரு மாதத்துக்கு முன்னால் வாங்கியது. இரும்பு மேசை, நடுவில் வட்ட ரம்பம் அரை வட்டமாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் பெட்டி, அதில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். வந்த புதிதில் அதைப் புது மாப்பிள்ளை மாதிரி தாங்கினேன். என் சட்டையைத் துவைக்கிறேனோ இல்லையோ, அதற்குத் தினமும் எண்ணெய்த் துணியால் ஒத்தடம்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுப் பலகையை எடுக்கக் குனிந்தேன். மெஷின் தானாகவே ஓட ஆரம்பித்தது. என் முழங்கைதான் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நானும் மனைவியும் பத்தடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அது பாட்டுக்கு எழுந்து ஓடியது.

"உங்களைவிட அதுக்கு வேலையில அக்கறை இருக்கு" என்றாள் மனைவி.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், பதிவு செய்த குரல், மெஷின் ஓடவில்லை என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. சத்தம் வந்தால் இரண்டு. புகை வந்தால் மூன்று. யாருக்காவது காயம் என்றால் ஒன்பது. நிறுத்தினாலும் ஓடுகிறது என்பதற்கு எண்ணே இல்லை. யோசித்துப் பார்த்து ஒன்றை அழுத்தினேன். இருபது நிமிடம் புல்லாங்குழல் கேட்டபின் ஒரு தம்பி வந்தார்.

"மெஷின் ஓடலையா சார்?"

"ஓடுது தம்பி."

"ஓடுதுன்னா அப்புறம் என்ன சார் கம்ப்ளெய்ன்ட்டு?"

"நிறுத்தினாலும் ஓடுது."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். "அப்ப, 'ஓடுகிறது'ன்னு போட்டுக்கறேன் சார்" என்றார். நான் போனை வைப்பதற்குள் செய்தி வந்துவிட்டது: தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.

அதன்பிறகு எத்தனை குரல்கள் என்று கணக்கு வைக்கவில்லை. ஒருவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள் என்றார். அதைத்தான் அதுவே செய்துகொள்கிறது என்றேன். இன்னொருவர், அது தானாக ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மெஷின் எதிரே உட்கார்ந்திருந்தேன். விருந்தாளி முன்னால் பாடச் சொன்ன குழந்தை மாதிரி அது அசையவே இல்லை. மூன்றாமவர், உங்கள் பட்டறையில் வேறு யாராவது நடமாடுகிறார்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பேயைத்தான் கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: இதில் என்ன கோளாறு? மெஷினை மாற்றித் தரக்கூடச் சொல்லவில்லை. என்ன கோளாறு என்று மட்டும் ஒரு மனிதர் வாயால் சொன்னால் போதும்.

சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பாருங்களேன், நாலு ஸ்க்ரூதானே என்று மனைவி நச்சரித்தாள். அவளுக்கு விவரம் போதாது. பெட்டி மூடியின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பிரித்தால் ஒரு வருட வாரண்டி செல்லாது. பிரித்துவிட்டால் நான் கேள்வி கேட்கிற தகுதியை இழந்துவிடுவேன். கோளாறு சரியாகிவிடலாம், ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அதற்காக நான் அசட்டையாக இருந்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவை நிறுத்தியதும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். பிடுங்கிய பிளக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரம்பத்தின் பக்கம் கை போகும். பழகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை முதலில் சுவரைத்தான் தேடும்.

ஒன்பதாவது மாதம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று செய்தி வந்தது. ஒன்று கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பெண் அழைத்தது. பதிவு செய்ததல்ல, அழுகிற குரல். அந்த ஒரு நட்சத்திரத்தால் இந்த மாதம் தன்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றது. என் மனசு வெண்ணெய் ஐயா, அடுப்பைப் படத்தில் பார்த்தாலே உருகும். சரிம்மா அழாதே என்று ஐந்தாக மாற்றிவிட்டேன். கம்பெனிக் கணக்குப்படி நான் முழுத் திருப்தி அடைந்த வாடிக்கையாளன்.

அந்த நன்றியில் அந்தப் பெண் ஓர் உண்மையைச் சொன்னது. "நான் சொன்னதா சொல்லிடாதீங்க சார். மத்த நம்பர் எல்லாம் சும்மா. ஒன்பது அழுத்தினாத்தான் இன்ஜினியர் வருவாரு, மறுநாளே வருவாரு. ஆனா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க."

அன்று மாலை நான் என் கைகளைப் பார்த்தேன். பத்து விரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உபரி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

படச்சட்டக்காரரை நான் தேடிப் போகவில்லை, அவராகத்தான் வந்தார். அடுத்த தெருவில் ஒடுங்கிய கடை, முன்னால் கண்ணாடி, பின்னால் அவர் மனைவி அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருப்பார். சட்டம் போட வந்த படங்களோடு அவர் பேசுவார். ஐயா கொஞ்சம் நேரா உக்காருங்க, அம்மா இப்படி முறைச்சா எப்படி என்று. கைரம்பத்தால் மூலை அறுத்து அறுத்து அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இப்போது நூற்றெழுபது சட்டம் ஒரே இடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நம் மெஷினைக் கொஞ்ச நாள் தர முடியுமா என்று கேட்டார்.

நாள்காட்டியைப் பார்த்தேன். வாரண்டி முடிய இருபத்து மூன்று நாள் இருந்தது.

நான் எதையும் திட்டமிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஏதாவது ஆவதாக இருந்தால் இருபத்து மூன்று நாளுக்குள் ஆனால் நல்லது என்று மட்டும் தோன்றியது. தோன்றுவதற்கு நாம் என்ன செய்ய முடியும்.

"எடுத்துட்டுப் போப்பா" என்றேன். "பில்லு என் பேர்லயே இருக்கட்டும். வாரண்டி சமாச்சாரம் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"கோளாறு கீளாறு ஏதும் உண்டாண்ணே?"

"ஓடலைன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல."

இதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. பதினோரு மாதப் புகாரை எடுத்துப் பாருங்கள், ஓடவில்லை என்று ஓர் இடத்திலும் நான் சொல்லவில்லை.

வண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் தூக்கினேன். விளக்கப் புத்தகம் கொடுத்தேன், மாற்று ரம்பம் கொடுத்தேன், எண்ணெய்த் துணியைக்கூட மடித்துக் கொடுத்தேன். பிளக்கைப் பிடுங்குகிற பழக்கத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் போன் செய்தார். மெஷின் நேற்றுத் தானாக ஓடியது அண்ணே என்றார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் என்னப்பா?"

சரிண்ணே என்று வைத்துவிட்டார். என் வாயில் யார் பேசியது என்று எனக்கே வியப்பாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், நன்றாகவும் இருந்தது. பதினோரு மாதமாக நான் போனின் அந்த முனையில் இருந்தவன். இந்த முனையில் காற்று நன்றாக வருகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். கவனிக்கிறேன், மேலே சொல்லியிருக்கிறேன் என்றேன். மேலே யாரும் இல்லை, என் பட்டறைக்கு மேலே ஓடுதான்.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவர் மனைவி மருத்துவமனையிலிருந்து அழைத்தார். மெஷினை நிறுத்திவிட்டு, மேசைமேல் இருந்த மரத்தூளைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாராம். வலது கையில் இரண்டு விரல் முழுதாக, மூன்றாவதில் பாதி.

உடனே ஓடினேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். போனை வைத்தேன், திரும்ப எடுத்தேன், கம்பெனி எண்ணைப் போட்டு ஒன்பதை அழுத்தினேன். புல்லாங்குழல் இல்லை. ஒரே மணியில் எடுத்தார்கள். அதன்பிறகுதான் செருப்பைத் தேடினேன்.

மறுநாள் இன்ஜினியர் படச்சட்டக் கடைக்கே வந்தார், சொன்னது சொன்னபடி. இஸ்திரி போட்ட சட்டை. பெட்டியைத் திறக்கவே இல்லை. ஸ்டிக்கரை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தார். ஸ்டிக்கரை நல்லா காப்பாத்தி வச்சிருக்கீங்க என்று என்னைப் பாராட்டினார். என்ன கோளாறு என்று கேட்டேன். ரிப்போர்ட் போகும், பதில் வரும் என்றார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் படிவத்தோடு படச்சட்டக்காரர் கடைக்குப் போனேன். அதாவது நேற்று. நூற்றெழுபதில் அறுபதோ என்னவோ முடிந்திருந்தது, மீதி குச்சிகளாகச் சுவரில் சாய்ந்திருந்தன. இடது கையால் கையெழுத்துப் போட்டார். தாள் நகராமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த மட்டுக்கு எனக்கு இரக்கம் உண்டு.

"பெட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டேண்ணே" என்றார்.

"ஸ்டிக்கர்?"

"கிழிச்சுட்டேன். ஒத்தைக் கையில கொஞ்சம் நேரம் ஆச்சு." ஒரு டப்பா மூடியை என் பக்கம் நகர்த்தினார். அதில் கட்டிதட்டிப்போன மரத்தூள். "மூடியைச் சுத்தி ரப்பர் வச்சிருக்கணும், வைக்க மறந்துட்டாங்க. தூள் உள்ள போயி பொத்தானுக்குப் பின்னால அடைச்சுக்குது. சிவப்பை அழுத்தினா உள்ள கரண்ட் தொடற தகடு முழுசா விலகாம பாதியில நிக்குது. மேசை லேசா அதிர்ந்தாப் போதும், திரும்ப ஒட்டிக்கும். அவ்வளவுதாண்ணே. தூளைத் தட்டிட்டு ஒரு துண்டு சைக்கிள் டியூப்பை வெட்டி வச்சா தீந்துது."

பதினோரு மாதம் நான் தேடிய பதில். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது ஐயா. மறைக்க விரும்பவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை அப்படியே படிவத்தின் பின்னால் எழுதிக் கொடுத்துவிடேன், கம்பெனிக்காரன் மூஞ்சியில் வீசுகிறேன் என்றேன்.

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அவர் மனைவி பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"எழுதறதுன்னா நான் எழுதித் தரேண்ணே. இனிமே இங்க எல்லாம் நான்தான் எழுதணும்."

அந்த அம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார். அந்த இடைவெளியில் நான் வாயைத் திறந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று தெரிந்துதான் கேட்டேன். யார் கண்டா அண்ணே, நேரம் சரியில்லை, நீங்க என்ன பண்ணுவீங்க என்பார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம் என்று இருந்தேன்.

"நிறுத்தினதும் பிளக்கைப் பிடுங்கிடுப்பா, அப்புறமா கையை வைன்னு அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீ கேட்டிருப்பியா?"

அவர் யோசிக்கவில்லை.

"கேட்டிருப்பேண்ணே."