பின்னாடியே வந்த விளம்பரம்

அப்பா: எல்லாத்தையும் அழிச்சுடணும். ஒண்ணு பாக்கி இல்லாம.

மகள்: எல்லாத்தையும்னா? இதுல என் ஆபீஸ் வேலை எல்லாம் இருக்குப்பா.

அப்பா: அதை விட்டுடு. மத்ததை அழி. கடையிலேருந்து தூக்கிட்டு வந்த அன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டர் எப்படி இருந்துச்சு... ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள மாதிரி. அப்படி ஆக்கிடு.

மகள்: இப்ப என்ன ஆச்சு இதுக்கு?

அப்பா: வேவு பாக்குதும்மா.

மகள்: யாரை?

அப்பா: என்னைத்தான். ஒரே ஒரு தடவை ஒரு சாமானைத் தேடிப் பாத்தேன். அன்னிலேருந்து பின்னாடியே வருது. செய்தி படிச்சா ஓரத்துல நிக்குது. மழை வருமான்னு பாத்தா அங்கயும் நிக்குது. நேத்து ஒரு லிஃப்ட் மோட்டார் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டிருக்கேன், கீழேருந்து எட்டிப் பாக்குது.

மகள்: என்ன சாமான் தேடினீங்க?

அப்பா: அது... ஸ்பேர் பார்ட்.

மகள்: லிஃப்டுக்கா?

அப்பா: ம்.

மகள்: எப்படி இருக்கும்?

அப்பா: வட்டமா இருக்கும்.

மகள்: பேரிங்கா?

அப்பா: அந்த மாதிரின்னு வச்சுக்கயேன்.

மகள்: லிஃப்ட் மெக்கானிக் பேரிங் தேடினா யாருப்பா என்ன சொல்லப் போறாங்க? இதுக்கா கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கீங்க?

அப்பா: அது ஒரு முன்ஜாக்கிரதை.

மகள்: காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரி. நடுவுல பஞ்சோட. வீடியோ மீட்டிங்ல எங்க மேனேஜர், ஏம்மா இருட்டுல உக்காந்திருக்கே, கரண்ட் இல்லையான்னு கேக்கறார். நான் கண்ணைக் கசக்கிட்டு லைட்டைப் போட்டு போட்டுப் பாக்கறேன்.

அப்பா: சொல்லணும்னு நெனச்சேன்... மறந்துட்டேன்.

மகள்: சரி, இப்படி உக்காருங்க. கேமராவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க ஒரு கடைக்குள்ள நுழையறீங்கன்னு வைங்க. வாசல்ல ஒருத்தன் உங்க முதுகுல ஒரு சீட்டை ஒட்டிடறான்.

அப்பா: எனக்குத் தெரியாமயா?

மகள்: தெரியாமத்தான். தெரிஞ்சாலும், குக்கி வேணுமான்னு ஏதோ கேக்கும், நீங்க படிக்காம ஓகேன்னு அழுத்திட்டுப் போயிடுவீங்க.

அப்பா: மரியாதையாக் கேட்டுச்சு. அதான் அழுத்தினேன்.

மகள்: அந்தச் சீட்டோட நீங்க அடுத்த கடைக்குப் போறீங்க. அங்கயும் அவனோட ஆள் நிக்கறான். முதுகைப் படிக்கறான். ஓகோ, இவரு வட்டமா ஒரு சாமான் பாத்துட்டு வாங்காம வந்துட்டாரு, எடுத்துக் காட்டுடான்னு...

அப்பா: செய்திக் கடையிலயும் அவன் ஆளா? மழைக் கடையிலயுமா?

மகள்: பாதிக் கடையில அவன் ஆள்தான்.

அப்பா: கடைக்காரன் எப்படிம்மா உள்ள விடறான்?

மகள்: அவனுக்கும் வருமானம்.

அப்பா: உனக்கு இதெல்லாம் யாரு சொன்னா?

மகள்: நான் செருப்புக் கம்பெனியில என்ன வேலை பாக்கறேன்னு நெனச்சுட்டிருக்கீங்க?

அப்பா: செருப்பு விக்கறே.

மகள்: ஆன்லைன்ல விக்கறேன்பா. எங்க வெப்சைட் பக்கத்துலயும் ஒரு புள்ளி இருக்கு. அதுவும் படம்தான். ஆனா ஒரு புள்ளி அளவுதான், நிறமே கிடையாது. யாராவது செருப்பு பாக்க வந்தா கூடவே அந்தப் புள்ளியும் வந்து எறங்கும். எறங்கறப்பவே, யாரோ வந்திருக்காங்க, இந்தச் செருப்பைப் பாத்தாங்கன்னு வேற எடத்துக்குத் தகவல் போயிடும்.

அப்பா: இதைப் பாத்துக்கறதுக்கா சம்பளம்?

மகள்: இதையும்.

அப்பா: பள்ளிக்கூட ஃபீஸ் கட்டி ஒரு உளவாளியை வளத்திருக்கேன்.

மகள்: ஜூனியர் உளவாளி. சீனியர் ஆகறதுக்கு இன்னும் பரிட்சை எழுதணும்.

அப்பா: நானும் ஒண்ணும் விவரம் கெட்டவன் இல்ல. தேடினப்போ அந்தக் கருப்பு ஜன்னலைத் திறந்துதான் தேடினேன். மாறுவேஷத்துல ஒருத்தன் படம் இருக்குமே, அதுல.

மகள்: பரவாயில்லையே... அதுக்குள்ள போயி மெயிலைத் திறந்தீங்களா?

அப்பா: திறந்தேன். ஒரு விவரம் அனுப்பறோம்னு கடைக்காரன் சொன்னான்.

மகள்: முகமூடியைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு, நான்தான் வந்திருக்கேன், இதுதான் என் பேருன்னு சொன்ன மாதிரி ஆச்சு. அந்த ஜன்னல் வெளியில இருக்கறவன்கிட்டேருந்து ஒண்ணையும் பெருசா மறைக்காதுப்பா. வீட்ல இருக்கறவங்க கண்ணுல படாம இருக்கறதுக்குத்தான் அது.

அப்பா: வீட்ல இருக்கறவங்க கண்ணுல படலன்னா போதும்மா.

மகள்: வீட்ல யாருப்பா இருக்கா? நீங்களும் நானும்.

அப்பா: பொதுவாச் சொன்னேன். நீ அழிக்கற வேலையைப் பாரு.

மகள்: பாக்கறேன், பாக்கறேன். இந்தாங்க, பழைய சீட்டெல்லாம் போச்சு. இனிமே ஒரு கடை ஒட்டின சீட்டை இன்னொருத்தன் படிக்கக் கூடாதுன்னு இங்க வச்சுட்டேன். இது ஒரு தடுப்பு. அந்தப் புள்ளி மாதிரி ஆளுங்களை உள்ளயே விடாது.

அப்பா: உங்க செருப்புக் கம்பெனிப் புள்ளியை?

மகள்: அதையும்தான். என் சோத்துல நானே மண்ணைப் போட்டுக்கறேன், உங்களுக்காக. அப்புறம்... இது என்னது? நீங்க இருக்கற எடத்தைப் பாத்துக்கலாம்னு இத்தனை பேருக்கு அனுமதி குடுத்திருக்கீங்க?

அப்பா: அதுவும் கேட்டுச்சு.

மகள்: மரியாதையா.

அப்பா: ஆமா.

மகள்: உங்க ஃபோன் போற எடமெல்லாம் மேப்ல சேந்திருக்குப்பா. வீடு, ஒர்க்ஷாப்... இது எது, அந்தப் பழைய கடைக் கட்டடமா? வாரா வாரம் போயிருக்கீங்க.

அப்பா: அங்க லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும்.

மகள்: போன மாசம்தானே முழு சர்வீஸ் பண்ணினேன்னு சொன்னீங்க?

அப்பா: கட்டடம் பழசு.

மகள்: ஞாயித்துக்கிழமையும் மக்கர் பண்ணுமா?

அப்பா: லிஃப்டுக்கு ஞாயிறு திங்கள் தெரியுமாம்மா?

மகள்: நாலாவது மாடியில ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கில்ல அங்க?

அப்பா: இருக்கு... இருக்கும். நான் கவனிச்சதில்ல.

மகள்: இப்ப உங்ககிட்ட எத்தனை கண்ணாடிப்பா?

அப்பா: படிக்கறதுக்கு ஒண்ணு. தூரத்துக்கு ஒண்ணு. வெயிலுக்கு ஒண்ணு.

மகள்: போன வாரம் வந்தது?

அப்பா: அது... மழைக்கு.

மகள்: மழைக்கா?

அப்பா: சிரிக்காதே. மழையில வெளிச்சம் வேற மாதிரி இருக்கும். கடையில சொன்னாங்க.

மகள்: யாரு சொன்னாங்க?

அப்பா: கடையிலதான். பொதுவா.

மகள்: பொதுவாச் சொன்னவங்கதானே, லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நீங்க போயி எறக்கி விட்டவங்க? வெளியில வந்ததும் உங்க கண்ணைப் பாத்துட்டு, ஏங்க இப்படிச் சுருக்கிப் பாக்கறீங்க, டெஸ்ட் பண்ணி எத்தனை நாளாச்சுன்னு கேட்டவங்க?

அப்பா: இதை உனக்கு யாரு சொன்னா? மேப்பா?

மகள்: நீங்கதான். சாப்பிடறப்போ. ஒரே கதையை மறுபடி மறுபடி. ஒவ்வொரு தடவையும் அவங்க உள்ள மாட்டிக்கிட்டிருந்த நேரம் கூடிக்கிட்டே போகுது. இருங்க, தடுப்பு இல்லாத உங்க ஃபோனைக் குடுங்க. ம். வந்துட்டாரு ஸ்பேர் பார்ட். வெள்ளைக் கல்லு வச்ச பேரிங். விரல் அளவு என்னன்னு கேக்கறாங்கப்பா.

அப்பா: குடு அதை.

மகள்: பக்கத்துலயே ரெட்டைக் கட்டில் மெத்தை. அதுக்குக் கீழ, இருவருக்கான படகுப் பயணம். லிஃப்டுக்கு இதெல்லாம் எங்க மாட்டுவீங்க?

அப்பா: குடுன்னு சொல்றேன்ல. இதைத்தான்... இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மகள்: சரி, சரி, இந்தாங்க. கோவிச்சுக்காதீங்க.

அப்பா: கோவம் இல்ல. நான் என்ன திருட்டுத்தனமா பண்ணினேன்? ஆனா இது நான் சொல்ல வேண்டிய சேதிம்மா. என் வாயால, உன்னைப் பக்கத்துல உக்கார வச்சு. எவனோ ஒரு கம்பெனிக்காரன் ஓரத்துல படத்தைப் போட்டு எனக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடக் கூடாது. எப்ப சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு முடிவு பண்ற உரிமைகூடவா எனக்கு இல்ல?

மகள்: இருக்குப்பா.

அப்பா: அந்த மோதிரம் திரையில வரும்போதெல்லாம், நீ அந்தப் பக்கமா போனா சட்டுனு கிரிக்கெட்டுக்கு மாத்திடறேன். எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.

மகள்: அதான் பாத்தேன்... ஏன் இவ்வளவு பயம்? நான் என்ன சொல்லிடுவேன்னு நெனச்சீங்க?

அப்பா: ஒண்ணும் சொல்ல மாட்டே. அதான் பயம். சரிப்பான்னு சிரிச்சுட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்குவே. உங்க அம்மா எடத்துல வேற ஆளைக் கொண்டாந்துட்டேன்னு உனக்குத் தோணிட்டா... அப்புறம் நான் என்ன சொல்லி அதை மாத்தறது?

மகள்: அம்மா எடம் அம்மாவுக்குத்தான். அதை யாரும் கேக்கல. போன வருஷம் ட்ரெய்னிங்னு வெளியூர் போயிட்டு சொல்லாம ஒரு நாள் முன்னாடியே வந்தேனே, ஞாபகம் இருக்கா?

அப்பா: இருக்கு. பயமுறுத்திட்டே.

மகள்: சாவி போட்டுத் திறந்து உள்ள வந்தா, நீங்க பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு சாப்பிட்டுட்டிருந்தீங்க. லைட்டுகூடப் போடல. ஏம்பா நின்னுக்கிட்டுன்னு கேட்டேன். உக்காந்தா எதிர்ல நாற்காலி காலியாத் தெரியுதும்மான்னு சொன்னீங்க. சொல்லிட்டு சிரிச்சீங்க.

அப்பா: விளையாட்டுக்குச் சொன்னது அது.

மகள்: நான் விளையாட்டா எடுத்துக்கல. அப்பா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

அப்பா: சொல்லு.

மகள்: மோதிரம் நீங்க தேடினது. மெத்தை நீங்க தேடினீங்களா?

அப்பா: சீச்சீ. அதான் எனக்கே புரியல. மோதிரத்தைப் பாத்தவன் அடுத்து மெத்தைதான் கேப்பான்னு அவனாவே முடிவு பண்ணிட்டானோன்னு...

மகள்: அவன் இல்ல. நான்.

அப்பா: என்ன நீ?

மகள்: மோதிர விளம்பரத்தை மொத நாளே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். நீங்க கிரிக்கெட் பாக்கறீங்க. இது ஆகற கதை இல்லன்னு, நீங்க வேலைக்குப் போனப்பறம் இங்க உங்க கணக்குலயே உக்காந்து மோதிரமா தேடினேன். அப்புறம் மெத்தை. அப்புறம் படகு. ஒரு தடவை பாத்துட்டு விட்டிருந்தா அவன் கொஞ்ச நாள்ல சலிச்சுப் போயி விட்டிருப்பான்பா. நான்தான் தினம் விறகு போட்டேன்.

அப்பா: அடிப்பாவி. நான் பயந்து போயி பிளாஸ்திரி ஒட்டிட்டிருக்கேன்...

மகள்: பொண்ணு உளவாளின்னு நீங்கதானே சொன்னீங்க. ஆனா நீங்க இப்ப சொன்னீங்க பாருங்க, எப்ப சொல்லணும்கறது உங்க உரிமைன்னு... அதை நான் யோசிக்கவே இல்ல. தள்ளி விட்டா போதும்னு நெனச்சேன். அது தப்புதான்ப்பா.

அப்பா: தப்புதான்.

மகள்: இனிமே பண்ண மாட்டேன். உங்க கணக்குக்குப் புது பாஸ்வேர்டு போட்டுக்கங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

அப்பா: அந்த முடிக்கு அடிக்கற சாயம்... கருகருன்னு ஒருத்தன் வந்து நிப்பானே, அதுவும் உன் வேலைதானா?

மகள்: இல்லப்பா. அதை நான் தேடல.

அப்பா: நீ தேடலையா.

மகள்: சத்தியமா இல்ல.

அப்பா: ம்... அப்ப அது நான்தான்.

மகள்: அவங்களுக்கு நரைதான் பிடிக்கும்னு நெனக்கறேன். சாயம் வேண்டாம். மோதிரம் என்ன ஆச்சு? இன்னும் ஓரத்துலயேதான் நிக்குதா?

அப்பா: வாங்கிட்டேன். ஆன்லைன்ல இல்ல, நேர்ல போயி. பின்னாடியே வந்தவன்கிட்ட வாங்கறதுக்கு மனசு ஒப்பல.

மகள்: எங்க இருக்கு?

அப்பா: சட்டைப் பையில.

மகள்: அப்பா... எப்ப கேக்கப் போறீங்க அவங்ககிட்ட?

அப்பா: கேட்டாச்சு. சரின்னுட்டாங்க. ஆனா, உங்க பொண்ணுகிட்ட சொல்லாம இதை விரல்ல போட்டுக்க மாட்டேன், நீங்க மேல போயி சொல்லிட்டுக் கூப்பிடுங்க, நான் கீழ வாசல்ல நிக்கறேன்னு சொல்லி அனுப்பினாங்க. மேல வந்தேன், உன் மூஞ்சியைப் பாத்ததும் சொல்ல வாய் வரல, கம்ப்யூட்டரைப் பிடிச்சுக்கிட்டேன்... பாவம், இன்னும் நின்னுட்டிருக்காங்க. நீயே போயி கூட்டிட்டு வரியாம்மா?