சூளை வாயில் ஒரு பெயர்

பொழுது சாய்ந்து, எதிரே வருகிறவரின் முகம் தெரியாமல் போகிற நேரம். வாகயாமா மலையில், பேருந்து நின்றுவிடும் கடைசி ஊரையும் தாண்டி ஒரு மண்பாதை மேலே ஏறும். அந்தப் பாதையில் ஒரே ஒரு கரிச்சூளை. அதற்கு மேல் காட்டுப்பன்றிகள்தான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் சூளையில் புகை நிறம் மாற நேரம் இருக்கிறது. இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதன் சதாவோவின் தாய்மாமாவுக்கு நடந்தது. இல்லை, சதாவோவுக்கா... கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மாமா பெயர் தோமேஜி. நான் சொன்ன அந்த ஒற்றைச் சூளை அவருடையது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். குனியே அத்தை அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். மாமா கரியைப் பார்ப்பார், அத்தை காடியைப் பார்ப்பாள். சூளைப் புகை மூங்கில் குழாயில் ஏறிக் குளிர்ந்து பழுப்பு நீராகச் சொட்டுமே, அந்த மரக்காடி. அத்தை வருவதற்கு முன்னால் அந்த வாசம் வரும். புகையும் புளிப்புமாக.

சூளை வாயை அடைக்கும்முன் நாம் பெயர் கூப்பிடுகிறோம். ஏன்? முந்தின கரியின் சூடு ஆறாத சூளைக்குள் தவழ்ந்து போய்த்தான் கரிக்கான மரத்துண்டுகளை நிறுத்துகிறோம். நிறுத்தின மரம் அந்தச் சூட்டிலேயே புகையத் தொடங்கும். அதில் வருகிற விஷக்காற்றுக்கு வாசம் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும்... அவ்வளவுதான். அதனால் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரையும் சூளைக்குள் பார்த்துக் கூப்பிட வேண்டும். அவரவர் தன் வாயால் "வெளிய இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லவே கூடாது.

ரிகு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்காதே. உன் தோளில் இருப்பது என் கைதான்.

போன குளிர்காலத்தில் அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடனே வரச் சொல்லி சதாவோ மலையேறி ஓடியபோது, மாமா சூளையிலிருந்து கரியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தகதகவென்று சிவந்த கரி. பாதியில் விட்டால் அத்தனையும் சாம்பல்.

"இதை எடுத்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் அவ இருப்பா," என்றார்.

அவள் இருக்கவில்லை.

மாமா அழவில்லை. சாவு வீட்டில் சோற்றுருண்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சொந்தக்காரர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். சதாவோவிடம் மட்டும் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இங்க மரத்துப் போச்சுடா. கிள்ளினாலும் தெரியல," என்றார். நர்ஸ் சொன்னதை சதாவோ அவரிடம் சொல்லவில்லை. எத்தனை போர்வை போர்த்தியும், அத்தை கடைசி வரை "குளிருது... குளிருது..." என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அத்தையின் இடத்தில் சதாவோ வேலைக்கு நின்றான். முதல் தடவை சூளையை அடைக்கும்போது மாமா கூப்பிட்டார். "சதாவோ!" அவன் பதில் சொன்னான். பிறகு, பழக்க தோஷம்... "குனியே!"

"மாமா, செத்தவங்க பேரைச் சூளைக்குள்ள கூப்பிடாதீங்க. ஆகாது."

"கூப்பிட்டுட்டுப் போறேன். காசா, பணமா?"

அப்புறம் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரு மூச்சு நிற்பார், கல்லை அடுக்கி மண்ணைப் பூசுவார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம். காடி சொட்டத் தொடங்கியிருந்தது. டொக்... டொக்... பீப்பாய்க்குள். வாய் பாதி அடைத்தாகிவிட்டது. மாமா குனிந்து கூப்பிட்டார்.

"குனியே!"

சொட்டுவது நின்றது.

சதாவோவுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் மாமா கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டார். அடுக்கின கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், அவசரமே இல்லாமல். படுக்கைக்குப் போகிறவர் போல உள்ளே தவழ்ந்துவிட்டார். சதாவோ பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அதற்குள் கால்கள் துவண்டிருந்தன. உள்ளேயிருந்து தூக்கக் கலக்கக் குரல்.

"விடுடா... உள்ளதான் இருக்கா... குளிருதாம்."

சூளை வாயின் சூட்டில் சதாவோவின் புருவம் கருகிக்கொண்டிருந்தது. அத்தையின் அந்தக் கடைசி வார்த்தை மாமாவுக்குத் தெரியவே தெரியாது.

இழுத்தான். மாமா உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். இன்னும் நாலு மூச்சு... ஆள் முடிந்துவிடுவார். பயத்தில் சதாவோ செய்யக் கூடாததைச் செய்தான்.

"மாமா! அத்தை வெளிய வந்துட்டாங்க! இதோ, என் பின்னாடிதான் நிக்கிறாங்க!"

பிடி விட்டது.

வெளியே வந்து வாந்தியெடுத்துவிட்டு, மாமா சதாவோவின் தோளுக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார். "எங்கடா?" என்றார். சதாவோ சூளையை அடைத்தான். டொக்... டொக்... மறுபடி சொட்டியது. ஆனால் காடி வாசம் பீப்பாய்ப் பக்கமிருந்து வரவில்லை. அவன் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

மாமா இன்றைக்கும் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு சூளை வாயிலேயே காதை வைத்துக்கொண்டிருப்பார். "ஒரு தடவை கேட்டுச்சுடா. இன்னொரு தடவை கேட்டாப் போதும். நான் வராததுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்," என்பார். பிறகு, "உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"இல்ல மாமா."

பொய். ஒவ்வொரு தடவையும் சதாவோவின் காதுக்குப் பின்னால், ஒட்டினாற்போல், "வெளிய இருக்கேன்."

பேயை நினைத்துக்கூட எனக்கு அவ்வளவாகப் பயமில்லை. சூளை வாயில் குனிந்திருக்கும் அந்த மனுஷன்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்.

போன மாதம் சதாவோ நமக்கு உதவிக்கு வந்தானே, அன்றைக்குத்தான் இதையெல்லாம் என்னிடம் சொன்னான். "அவர்கிட்ட ஏன்டா மறைக்கிற?" என்று கேட்டேன்.

"சொன்னா, 'அவளைக் குடுடா'ம்பாரு. எப்படிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலயே."

அப்போது சூளையிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவன் பின்கழுத்தில் விழுந்தது. தோல் கருகுகிற நாற்றம் எனக்கு வந்தது. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். பதறிப்போய்த் தட்டிவிட்டேன். கை பட்ட இடம் ஜில்லென்று இருந்தது... கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

சதாவோ திரும்பவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"கையை எடு. அங்கதான் கன்னத்தை வெச்சுப் படுத்திருக்காங்க."