மூன்று முறை அலசிய பாட்டில்

எனக்கு நாலு பேர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும், சார். அதுதான் என் பலவீனம். இப்போதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, தப்பாக நினைக்காதீர்கள்.

சாயத் தொழிற்சாலையில் தண்ணீர் பரிசோதகர் வேலை எனக்கு. எங்கள் கழிவு ஓடுகிற பின்பக்கக் குடியிருப்பில் ஒரே ஒரு கிணறு. திங்கள்தோறும் அங்கே போய்த் தண்ணீர் பிடித்துவந்து சோதிக்க வேண்டும். எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும் என்பது விதி. முதல் நாள் பத்தடி தள்ளி நின்றபோதே நாற்றம் குடலைப் பிடுங்கியது. வந்த வழியே திரும்பி, ஆபீஸ் ஃபில்டரில் பிடித்தேன். அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசினேன். விதி விதிதானே.

முடிவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். 'குடிக்கத் தகுந்தது' என்று பலகையில் ஒட்டியதும் குடியிருப்பே குதித்ததாம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை பேர் வயிற்றில் பால் வார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்குமா?

என் தங்கையும் கைக்குழந்தையோடு அங்கேயே குடிவந்தாள். "நீ கையெழுத்துப் போட்ட தண்ணி, வேற என்னண்ணா வேணும்?" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, பாப்பாவுக்கு வாந்தி நிக்கவே மாட்டேங்குது. தண்ணியில ஏதாச்சும் இருக்குமா?"

ஆமாம் என்றால், முந்தைய நாற்பது பாட்டிலும் பொய் என்றாகிவிடும். அவள் மனசு என்ன பாடுபடும்?

"என் பாட்டில் பாஸ் ஆயிடுச்சும்மா. கொதிக்க வச்சுக் குடு," என்றேன்.

கொதிக்க வைத்தால் சாயம் போகாது என்று எனக்குத் தெரியும். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டது. அழுதேன், சார், தேம்பித் தேம்பி அழுதேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டேன்.

அதிலிருந்து தங்கை என்னோடு பேசுவதில்லை. குடியிருப்பு ஆட்கள் கிணற்றை மண் கொட்டி மூடிவிட்ட சேதி அதனால்தான் எனக்கு எட்டவில்லை. மூடிய கிணற்றுத் தண்ணீர் எட்டு வாரம் விடாமல் பாஸ் ஆகியிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், சிரிப்பு வராதா?

எல்லாம் நான் செய்ததுதான், தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீரால் அந்தக் குழந்தையைக் கொன்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை நான் தொட்டதுகூட இல்லை.